முன் ஃபோர்க் அமுங்கினால் வண்டியை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: ஐயா, என் அப்பா வாங்கிய 1994-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100 இப்போது என் கையில் இருக்கிறது. வீட்டோடு சேர்த்துச் சின்னதாகப் பனியன் தைக்கும் பவர் டேபிள் யூனிட் ஒன்று நடத்துகிறோம். ஜாப் ஒர்க் துணியை, கட்டிங் பண்டலாகக் கட்டி, டேங்க் மேல் வைத்துத்தான் எடுத்து வருவேன். ஆறேழு மாதமாக முன்பக்கம் மெத்தென்று ஆகிவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டி தலை குத்துகிறது. பண்டலோடு வேகத்தடையில் இறங்கினால் ‘டங்’கென்று இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். இடது பக்க ஃபோர்க் பைப்பில் எண்ணெய் வளையமாகப் படிகிறது. அப்பா காலத்துக்குப் பிறகு ஃபோர்க்கை யாரும் கழற்றியதாக நினைவில்லை. ஒரு மெக்கானிக் 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் கல் மாதிரி நிற்கும் என்கிறார். இன்னொருவர், வேறு வண்டியின் ஃபோர்க்கை டிஸ்க் பிரேக்கோடு மாட்டித் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர், ‘ஃபோர்க்கே போச்சுங்க, வித்துடுங்க’ என்கிறார். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது ஃபோர்க் ஒடிந்துவிடுமோ என்ற பயத்தில் இரவில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?

— செ. மு., நெருப்பெரிச்சல், திருப்பூர்.

பதில்: தம்பி செ. மு., முதலில் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபோர்க் மெத்தென்று ஆகிவிட்டது என்பதற்காக அது ஒடிவதில்லை. ஒடியக்கூடிய ஃபோர்க்கின் அடையாளங்கள் வேறு: விபத்தில் வளைந்து, அழுத்தி நிமிர்த்திய பைப், யாரோ எப்போதோ வெல்டிங் வைத்த டி (இரண்டு பைப்புகளையும் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பாகம்), அதன் கீழ்க் கவ்வியை ஒட்டிப் பைப்பில் ஆழமாக அரித்த துரு. கீழ் டி-யைச் சுற்றித் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறலோ வெல்டிங் தடமோ ஆழமான துருவோ இல்லையென்றால் இன்றிரவு தூங்கலாம். இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எந்தக் குறியும் எனக்குத் தெரியவில்லை.

விற்க வேண்டியதும் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எண்ணெய், ஆயில் சீல், ஸ்பிரிங் மூன்றும் ஒன்றுசேர்ந்து வயதாகியிருக்கின்றன. எண்ணெயும் சீலும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘ஃபோர்க் மெத்தென்று இருக்கிறது’ என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அது இரண்டு தனித்தனிக் கோளாறுகளின் பெயர். உங்கள் மெக்கானிக்குகள் மூவரும் மூன்று விதமாகச் சொன்னதற்குக் காரணம் அவர்களுக்குத் தொழில் தெரியாததல்ல. எந்தக் கோளாறு என்று பிரித்துப் பார்க்காமலே மருந்துக்குப் போனதுதான்.

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும், குரோம் பூசிய இரும்புப் பைப் ஒன்று அலுமினியக் காலுக்குள் (கடைகளில் ‘பாட்டம் கேஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்) மேலும் கீழும் போய்வருகிறது. உள்ளே நீளமான ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் அடைபட்ட காற்று. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. எண்ணெய் பாரத்தைத் தாங்குவதே இல்லை. கால் அமுங்கும்போதும் எழும்போதும் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியே பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் அசைவின் வேகம் மட்டுப்படுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணெய் இல்லாத ஃபோர்க்கும் வண்டியை அதே உயரத்தில்தான் நிறுத்தும். ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். எண்ணெயால் அசைவை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் ஃபோர்க்) 1935-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 12 வண்டியில் கொண்டுவந்தது. இன்றும் நம் சாலையில் ஓடும் சாதாரண வண்டிகளின் முன்பக்கம் அதே தத்துவம்தான். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்த இந்த்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, உங்கள் ஆர்.எக்ஸ். 100, கவாசாகி பஜாஜ் கே.பி. 100 எல்லாவற்றுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

ஆக, வண்டி நின்ற இடத்திலேயே தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். உயரம் சரியாக இருந்து, அமுக்கி விட்டால் இரண்டு மூன்று முறை குதித்து அடங்கினால் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஓங்கி அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுபடி இறங்கி ஏறினால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது வீரியம் போயிருக்கிறது. உங்கள் வண்டியில் எண்ணெய் வெளியே தெரிகிறது என்பதால் இந்தச் சோதனையின் முடிவை நானே ஊகித்துவிடலாம்.

ஸ்பிரிங்குக்கு ஊகம் போதாது, அளக்க வேண்டும். மெல்லிய கேபிள் டை ஒன்றை ஃபோர்க் பைப்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டையைக் கீழே டஸ்ட் சீல் (தூசி மூடி ரப்பர்) மேல் படும்வரை தள்ளுங்கள். பிறகு வண்டியை மெதுவாக இறக்கி, பண்டல் இல்லாமல், நீங்கள் மட்டும் ஓட்டுகிற நிலையில் உட்காருங்கள். வண்டி விழாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். அலுங்காமல் இறங்கி, மறுபடி முன் சக்கரத்தைத் தூக்கினால், டை மேலே ஓரிடத்தில் நின்றிருக்கும். டஸ்ட் சீலுக்கும் டைக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிவையுங்கள். ஃபோர்க்கின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கலாம். இந்த ரக வண்டிகளில் மொத்த அசைவு பெரும்பாலும் 100 முதல் 125 மி.மீ. என்பதால் 35 மி.மீ. அளவில் வந்தால் குறையில்லை. 50-ஐத் தொட்டால் ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது.

‘வெறும் 15 மி.மீ. வித்தியாசத்துக்கா இவ்வளவு சத்தம்?’ என்று கேட்பீர்கள். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஃபோர்க் மொத்தம் 110 மி.மீ. அசையும் என்றும், இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 1 மி.மீ. அமுங்க ஒரு கிலோ பாரம் வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் 35 போய்விட்டது. டேங்க் மேல் வைத்த 25 கிலோ பண்டலில் ஏறக்குறைய 10 கிலோ முன் சக்கரத்துக்கு வரும். இன்னொரு 10 மி.மீ. போயிற்று. இனி பிரேக். வண்டி, நீங்கள், பண்டல் சேர்ந்து 200 கிலோவை ஒட்டி வரும். ஓரளவு அழுத்திப் பிரேக் பிடித்தால் அதில் கால் பங்கு, அதாவது 50 கிலோ, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு மாறுகிறது. 35, 10, 50 மூன்றையும் கூட்டினால் 95. மிச்சம் 15. நல்ல ஸ்பிரிங் இருந்த காலத்தில் உங்கள் அப்பாவுக்குச் சின்னக் குழியை விழுங்க அந்த 15 மி.மீ. இருந்தது. அதே 15-ஐத்தான் தளர்ந்த ஸ்பிரிங் இப்போது தின்றுவிட்டது. பிரேக்கோடு வேகத்தடையில் இறங்கினால் ஃபோர்க் அடிவாங்காமல் என்ன செய்யும்? வண்டியில் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. மிச்சம் வைத்திருந்த கொஞ்ச இடம் தீர்ந்துபோயிற்று.

இந்தக் கணக்கில் உங்கள் பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பின் சீட்டில் மனைவி உட்கார்ந்தால் அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்குத்தான் போகும். முன் ஃபோர்க்கை வதைப்பது குடும்பம் அல்ல, டேங்க் மேல் இருக்கும் பண்டல்தான். மகளை டேங்க் மேல் உட்கார வைக்கும் வழக்கம் இருந்தால் மட்டும், ஃபோர்க்கை மறந்துவிட்டு வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன், நிறுத்திவிடுங்கள்.

இப்போது அந்த 90 நம்பர் ஆயிலுக்கு வருவோம். இதைச் சொல்லாத பட்டறை நம் ஊரில் குறைவு; 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கம் அதைவிட அதிகம். ஃபோர்க் ஆயில் பொதுவாக 10 டபிள்யூ என்ற மெல்லிய ரகம். இன்ஜின் ஆயில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. 90 நம்பர் கியர் ஆயில் ஏறக்குறைய ஆறு மடங்கு. கெட்டி ஆயில் ஊற்றிய அன்று பட்டறை வாசலில் அமுக்கிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். சாலையில்தான் குட்டு வெளிப்படும். பழைய ஃபோர்க்கில் எண்ணெய் போகும் துளையின் அளவு மாறுவதில்லை. அப்படிப்பட்ட துளையில் அசைவின் வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்குகிறது. அங்கே எண்ணெயால் பெரிதாகத் தடுக்க முடியாது. தோண்டி மூடிய சாலையின் விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் படுவேகமாக அசைய வேண்டும். அங்கேதான் கெட்டி ஆயில் பூட்டுப் போட்டுவிடும். எந்த இடத்தில் தடுக்க வேண்டுமோ அங்கே தடுக்காது, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டுமோ அங்கே விறைத்து நிற்கும். மோதல் முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வரும். அடுத்தடுத்துக் குழிகள் வந்தால், ஒரு குழியில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலே, தாழ்ந்த முன்பக்கத்தை 90 ஆயில் ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது.

அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. எண்ணெய் அமுங்காது, அதற்கு மேலிருக்கும் காற்றுதான் அமுங்கும். எண்ணெய் கூடக் கூடக் காற்றுக்கு இடம் குறைந்து, அழுத்தம் எகிறி, சீலைப் பிதுக்கிவிடும். ‘போன மாதம்தான் சீல் மாற்றினேன், மறுபடி ஒழுகுகிறது’ என்று புலம்புகிற பலரின் கதை இதுதான்.

சீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பனியன் தொழில் நடக்கிற வீட்டில் நிற்கும் வண்டி உங்களுடையது. பைப்பில் எண்ணெய் மெல்லிசாகப் படிந்தால் அதில் பஞ்சுத் தூசியும் மண்ணும் ஒட்டிக் களிம்பாகும். ஃபோர்க் அசையும்போது அந்தக் களிம்பு சீலின் உதட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் சீல் கிழிந்திருக்காது, குப்பைதான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். டஸ்ட் சீலை மெதுவாக நெம்பி மேலே தள்ளிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, முனையைக் கொக்கிபோல் கத்தரித்து, பைப்புக்கும் சீலுக்கும் நடுவே விட்டுச் சுற்றி வாருங்கள். கறுப்பாகக் குப்பை வந்தால் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒழுகல் நின்றால் சீல் மாற்ற அவசரமில்லை. ஆனால் இத்தனை வருடம் கழற்றாத ஃபோர்க் என்பதால், எப்படியும் எண்ணெய் மாற்றக் கழற்றும்போது இரண்டு பக்கமும் புதுச் சீல் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஒரு பக்கம் மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புதுச் சீல் போடுமுன் பைப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். குரோம் உரிந்த புள்ளியோ துருக் குழியோ நகத்தில் தட்டுப்பட்டால், அது அரம்போல் புதுச் சீலையும் அறுத்துவிடும். சீல் உரசாத மேல் பகுதியில் இருந்தால் பரவாயில்லை. உரசுகிற இடத்தில் ஒன்றிரண்டு நுண்புள்ளி என்றால் மிக நுண்ணிய எமரி தாளால் மழுமழுப்பாக்கிச் சமாளிக்கலாம். நிறைய இருந்தால் ஹார்டு குரோம் பூசித் தேய்த்துத் தரும் பட்டறையில் கொடுக்க வேண்டும், இல்லையேல் பைப்பை மாற்ற வேண்டும். ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டதால் கடைகளில் வரும் பைப்புகளில் பல போலி. கையில் வாங்கும்போதே கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் வளைவு. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தையில் நல்ல அசல் பைப் கிடைப்பதுண்டு. அங்கும் இதே கண்ணாடிச் சோதனைதான்.

இன்னொரு முக்கியமான சோதனை பாக்கி. பிரேக் பிடிக்கும்போது ‘டக்’கென்று ஒரு தட்டல் கைக்கு வருகிறதா என்று கவனியுங்கள். அடிவாங்கும் ‘டங்’ வேறு, இந்த ‘டக்’ வேறு. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, முன்னால் குந்தி, இரண்டு கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் கோன்செட் (கழுத்தில் உள்ள குண்டு பேரிங்) தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் போதும், அல்லது மாற்ற வேண்டும். ஆட்டம் டஸ்ட் சீல் இருக்கும் இடத்தில் தெரிந்தால் பைப்புக்கும் காலுக்கும் இடையே தேய்மானம். சில வண்டிகளில் இதற்குத் தனிப் புஷ் உண்டு. பல பழைய 100 சி.சி. வண்டிகளில் அலுமினியக் காலே புஷ் வேலையையும் பார்ப்பதால் காலையே மாற்ற நேரும். தேய்ந்த காலில் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. முன் டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், காற்று குறைந்த டயரை ஃபோர்க் கோளாறு என்று நம்பி ஃபோர்க்கைக் கழற்றியவர்கள் உண்டு.

இனி ஸ்பிரிங். பனியன் கழுத்துப்பட்டியில் ரிப் துணி நாள்பட்டால் தொய்ந்து இழுவை போய்விடுகிறது அல்லவா? ஸ்பிரிங்கும் அப்படித்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எஃகு அப்படியல்ல. வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் நீளத்தில் குறையும். ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அது காட்டும் விறைப்பு கிட்டத்தட்ட புதிதில் இருந்தது போலவே இருக்கும். அதனால்தான் வாஷரோ குழாய்த் துண்டோ வைத்து உயர்த்தும் பழைய பட்டறை வைத்தியத்தை நான் முழுக்கக் குறை சொல்வதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு குட்டையாகியிருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் துண்டு வைத்தால் அது ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும், நியாயமான ரிப்பேர். அதற்கு மேல் ‘இன்னும் கொஞ்சம் டைட்டா’ என்று வைத்தால்தான் தொல்லை. ஸ்பிரிங்கின் விறைப்பு அதனால் கூடுவதில்லை, முன்பக்கம் உயர்ந்து நிற்கும், அவ்வளவே. உயர்ந்து நிற்கும் ஃபோர்க் மேல்நோக்கி நீள இடமில்லாமல் ஒவ்வொரு குழியிலும் மேலே போய்த் தட்டும். துண்டு மிக நீளமானால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஃபோர்க் அசையவே வழியிருக்காது.

குட்டையானது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? சர்வீஸ் புத்தகத்தில் ஸ்பிரிங்கின் நீளமும், எவ்வளவு குறைந்தால் மாற்ற வேண்டும் என்ற எல்லையும் போட்டிருக்கும். புத்தகம் இல்லையென்றால் கடையில் புது அசல் ஸ்பிரிங்கோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே உயரம்தானா என்றும் பாருங்கள். புதிது கிடைத்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள், அதுவே என் விருப்பம். கிடைக்காவிட்டால் கெட்டியான பி.வி.சி. குழாயில், பைப்புக்குள் உரசாமல் இறங்கும் அளவில், இரு முனையும் நேராக வெட்டி, ஸ்பிரிங்குக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு இரும்பு வாஷர் வைத்துப் போடுங்கள். மேல்மூடியைக் கையால் அமுக்கிப் பூட்ட முடிய வேண்டும். முழு உடம்புப் பாரத்தையும் போட்டால்தான் பூட்டுகிறது என்றால் துண்டு நீளம். ஸ்பிரிங்கை வெட்டி விறைப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுருள் குறைந்தால் விறைப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய முனை சமமாக உட்காராமல் பைப்பின் உட்சுவரைப் பிராண்டி எண்ணெயில் இரும்புத் தூள் கலக்கும்.

வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, முன்பக்கம் சாயாதபடி செய்துகொள்ளட்டும். மேல்மூடியைப் பைப் டி-யில் கவ்வியிருக்கும்போதே லேசாக இளக்கிவிட வேண்டும். கழற்றி எடுத்த பிறகு இளக்குவது பெரும்பாடு. மூடி திறக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது என்பதை மறந்து முகத்தை நேராகக் கொண்டுபோகக் கூடாது. சில வண்டிகளில் மூடி மரையாணியாக இருக்கும், சிலவற்றில் சர்க்ளிப் (பூட்டு வளையம்) பிடித்திருக்கும். பழைய எண்ணெயை இரண்டு காலிலிருந்தும் தனித்தனியாகப் பிடித்து அளந்து பாருங்கள். இடது காலில் எவ்வளவு போயிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் மினுமினுப்போடு வந்தால் அது அலுமினியத் தேய்மானம். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காய விட வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் புது எண்ணெய் நீர்த்துப் போகும்.

புது எண்ணெய் 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கம்பெனியின் 10 டபிள்யூ இன்னொரு கம்பெனியின் 10 டபிள்யூவை விடக் கெட்டியாக இருப்பதுண்டு, அதனால் இரண்டு காலுக்கும் ஒரே டப்பாவிலிருந்தே ஊற்ற வேண்டும். அளவை உங்கள் வண்டியின் புத்தகத்தில் மில்லிக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கினால் துல்லியமாக அளக்கலாம். ஊற்றிய பின், ஸ்பிரிங் போடுமுன், காலைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி இழுத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, முழுக்க அமுக்கிய நிலையில் பைப்பின் வாயிலிருந்து எண்ணெய் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் ஒரு குச்சியால் பாருங்கள். இரண்டும் சமமாக இருப்பது முக்கியம். சக்கரம் மாட்டியபின் அச்சு நட்டை (ஆக்சில் நட்) முழுக்க இறுக்குமுன் முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு அப்புறம் இறுக்கச் சொல்லுங்கள். கால்கள் இரண்டும் தானே நேராக வந்து உட்காரும். இதைச் செய்யாமல் இறுக்கினால் நல்ல ஃபோர்க்கும் பிடித்துப் பிடித்துத்தான் அசையும்.

வேறு வண்டியின் ஃபோர்க்கும் டிஸ்க்கும் வேண்டாம். நீளம் மாறினால் கழுத்தின் சாய்வு மாறும், சாய்வு மாறினால் வண்டி திரும்பும் குணமே மாறும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் சொல்கிறது. 1994 வண்டி என்றால் 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க அதிகாரி முன் நிறுத்துகிறீர்கள். அங்கே கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது மெக்கானிக் அல்ல, நீங்கள். நல்ல நிலையில் இருக்கும் டிரம் பிரேக் இந்த வண்டியின் எடைக்குப் போதும்.

வேலை முடியும்வரை டேங்க் மேல் பண்டல் வேண்டாம். இடது காலில் வழியும் எண்ணெய் கீழே பிரேக் தட்டு வரை வந்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள். முன் பிரேக் திடீரென்று வழுக்கினாலோ கவ்வினாலோ ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் அதைச் சரிசெய்யாமல் யாரையும் ஏற்றாதீர்கள். வேலை முடிந்த பிறகும் பண்டலைப் பின் சீட்டில், பின் சக்கர அச்சுக்கு முன்னால் வருமாறு வைத்து, அசையாமல் கட்டுங்கள். அச்சைத் தாண்டிக் கேரியரின் கடைசியில் தொங்கவிட்டால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். துணி ரோலாக வரும் நாளில் இரண்டு நடையாகப் போவது வண்டிக்கு நல்லது.

எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். 500 கி.மீ. ஓடியபின் கேபிள் டையைக் கட்டி முன்பு செய்ததைப் போலவே மறுபடி அளந்து பாருங்கள். 35-ஐ ஒட்டி நின்றால் வேலை சரியாக முடிந்தது. 45-ஐத் தாண்டினால் குழாய்த் துண்டு போதவில்லை, ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு, இடது காலிலிருந்து வடித்த எண்ணெயின் அளவு மூன்றையும் குறித்து அனுப்புங்கள்; சந்தேகம் இருந்தால் அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.